பதில்: போஸ்ட்டாக்கிடம் இரண்டு பக்கம் காட்டலாமா?

என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பு) குழுவுக்காக நீங்கள் மதிப்பிடும் ஆய்வு நிதி விண்ணப்பத்தில் புள்ளியியல் பகுதி பிடிபடவில்லை, உங்கள் போஸ்ட்டாக்கிடம் (முனைவர் பட்டம் முடித்து உங்கள் ஆய்வகத்தில் வேலை செய்பவர்) இரண்டு பக்கம் மட்டும் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பெயரை மறைத்தாலும் கூடாது; ஆய்வின் உயிரே அந்த இரண்டு பக்கத்தில் இருக்கலாம். நீங்கள் கையெழுத்திட்ட ரகசிய உறுதிமொழி உங்களோடு நிற்கிறது, உங்கள் ஆய்வகத்துக்குச் செல்லாது.

குழுவை நடத்தும் அறிவியல் மதிப்பீட்டு அலுவலருக்கு இன்றே எழுதுங்கள். விண்ணப்ப எண், எந்தப் பகுதி உங்கள் துறைக்கு வெளியே, அவ்வளவு போதும். புள்ளியியல் தெரிந்த இன்னொருவரை அவர் சேர்க்கலாம்.

சாட்ஜிபிடியும் இதே கணக்குதான். மதிப்புரை எழுத இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த 2023 ஜூனிலேயே என்.ஐ.எச். தடை போட்டுவிட்டது. ஒட்டிய பத்தி எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

ஏற்கெனவே காட்டிவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். உங்களைக் குழுவிலிருந்து நீக்கலாம், உங்கள் நிறுவனத்துக்கும் தகவல் போகலாம். அதைவிட வேதனை, ஒரு தப்பும் செய்யாத விண்ணப்பதாரரின் மதிப்பீடு தள்ளிப்போகலாம்.

கூட்டம் முடிந்ததும் டவுன்லோட் ஃபோல்டரோடு நிறுத்தாதீர்கள். டேப்லெட்டில் ஓரக்குறிப்பு எழுதிய பிடிஎஃப், மேசையில் கிடக்கும் பிரிண்ட் எல்லாவற்றையும் அழியுங்கள்.