கம்ப்ரஷன் டெஸ்ட்: பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருபத்தெட்டு வருடமாகப் பெட்ரோல் இஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கிறேன். இஞ்சினைச் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கேஜ் வைத்து, பார் என்ற அழுத்த அளவில் பார்ப்பதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட். கேட்பவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். ரீடிங்கை எழுதும்போது, டெஸ்ட்டை எப்படிச் செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சாட்ஸ்வொர்த்: அண்ணே, டொயோட்டா டாஸ் 1.3. ஒன்றிலிருந்து வரிசையாக 12, 11.8, 8, 12 பார். வேறு இஞ்சின் வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள் தம்பி. முதலில் டெஸ்ட் சரியா என்று பார்ப்போம். இஞ்சின் சூடாக இருந்ததா? நான்கு பிளக்கையும் கழற்றினீர்களா? காயில் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்திருந்தீர்களா? பேட்டரி கடைசிவரை ஒரே வேகத்தில் சுற்றியதா?

எல்லாம் சரி என்றால், மூன்றாவது சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி சுற்றுங்கள். 8 என்பது 11 ஆனால் ரிங் பக்கம், அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையத்தின் பக்கம், கசிவு. ஆயில் போய் அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. 8-லேயே நின்றால், காற்றும் புகையும் போய்வரும் வழியை மூடும் வால்வு. ஹெட் கேஸ்கட் (இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) இரண்டு சிலிண்டருக்கு நடுவே போயிருந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் இறங்கியிருக்கும். உங்களுக்கு 2-ம் 4-ம் நன்றாக இருக்கின்றன.

கேஜ் முள்ளையும் கவனியுங்கள். ரிங் தேய்ந்த சிலிண்டரில் முதல் அடிக்கு (பிஸ்டன் ஒருமுறை மேலேறி அழுத்துவதற்கு) 3, அப்புறம் 5, 6, 7 என்று ஒவ்வொரு அடிக்கும் ஏறும். வால்வு கசிந்தால் ஆரம்பத்திலேயே தாழ்வாக இருந்து, எத்தனை அடி அடித்தாலும் அதிகம் ஏறாது. ஆயில் ஊற்றிப் பார்க்காமல் யாரும் ஹெட்டைக் கழற்றக் கூடாது.

ஃபீனிக்ஸ்: நிசான் 1400 பக்கி (சிறு சுமை வண்டி). இரண்டாவது 9, மற்றவை 11. ஆயில் ஊற்றியும் ஏறவில்லை. ஹெட்டைக் கழற்றலாமா?

இன்னும் வேண்டாம். இது வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் உள்ள இஞ்சின். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எடுத்து, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள டாப்பெட் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி குறைந்தால் சூடானதும் வால்வு முழுதாக மூடாது. கடகடக்கும் டாப்பெட்டைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் சந்தேகப்படுவது சத்தமே போடாததைத்தான். 2006 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. ஈயத்தை நம்பிச் செய்த பழைய இஞ்சின்களில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து, வால்வு மேலேறி, இடைவெளி மெல்ல மெல்லக் குறையும். சரியாக வைத்து நாலு நாள் ஓட்டிவிட்டு மறுபடி டெஸ்ட் செய்யுங்கள்.

லெனேஷியா: ஐயா, 1.6 கொரோலா, 4ஏ-எஃப்இ இஞ்சின். 10.6, 10.4, 10.7, 10.5. புத்தகத்தில் 13.2 பார் என்று இருக்கிறது. மெக்கானிக் இஞ்சினை இறக்கச் சொல்கிறார்.

இறக்க விடாதீர்கள். உங்கள் இஞ்சின் அருமையாக இருக்கிறது. புத்தகத்து எண் கடல்மட்டத்துக்கு. உங்கள் லெனேஷியா இருக்கும் ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் எங்கள் டர்பனில் இருப்பதில் ஏறக்குறைய 82 சதவீதம்தான். 13.2-ஐ 0.82-ஆல் பெருக்கினால் 10.8. நான்குக்கும் நடுவே 0.3 வித்தியாசம். இதற்குமேல் என்ன வேண்டும்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: இதை ஒப்புக்கொள்ள முடியாது. பிஸ்டன் இழுக்கும் கொள்ளளவு எங்கே போனாலும் ஒன்றுதானே?

கொள்ளளவு ஒன்றுதான் மாமா, அதற்குள் இருக்கும் காற்றின் எடை ஒன்றல்ல. பிஸ்டன் மேலே வரத் தொடங்கும்போது சிலிண்டருக்குள் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம். இஞ்சின் அதைத்தான் பெருக்குகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: கணக்கு காகிதத்தில் சரி. கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். ஜோஹன்னஸ்பர்க் சொந்தக்காரர் வீட்டில் பருப்பு வேகவைத்துப் பாருங்கள். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். பெட்ரோல் பங்க்கையும் பாருங்கள். அந்தப் பக்கம் 93 ஆக்டேன் விற்கிறார்கள், கடற்கரையில் 95. மேலே சிலிண்டர் அழுத்தம் குறைவு, நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) குறைவு, அதனால் 93 போதும்.

ஸ்டாங்கர்: உண்மைதான். ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் தாண்டினால் என் வண்டி மூச்சு வாங்கும்.

அதே காற்றுதான் காரணம். மாமா, உங்கள் ஊர் 600 மீட்டர் சொச்சம், வித்தியாசம் சிறிதாகத்தான் தெரியும். லெனேஷியாக்காரரின் காசு வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் வாதாடுகிறேன்.

வெருலம்: எத்தனை பார் இருந்தால் நல்ல இஞ்சின்?

உங்கள் இஞ்சினுக்கான புத்தகத்தில் இருக்கும். அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்குள் வித்தியாசம். அதிகமானதற்கும் குறைவானதற்கும் நடுவே 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 15 தாண்டினால் தேடத் தொடங்குங்கள்.

டோங்காட்: எல்லாம் 9. நல்லதா கெட்டதா?

எந்த இஞ்சின், சூடா, ஆக்சிலேட்டர் மிதித்தா? எழுதுங்கள். மேலே சொல்லிவிட்டேன்.

மெர்பேங்க்: ஹைலக்ஸ் டீசலுக்கு இதே கேஜ் போடலாமா?

கூடாது. டீசல் அழுத்தம் 30 பார் வரை போகும், பெட்ரோல் கேஜ் உடைந்து கையைக் கிழிக்கும். டீசல் பம்ப் வேலை செய்பவரிடம் போங்கள்.

பைன்டவுன்: சிட்டி கோல்ஃப். கம்ப்ரஷன் நான்கும் சமம், ஆனால் நீலப்புகை.

ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டு வந்து, கீழே மறுபடி மிதித்ததும் ஒரு குப்பென்று வருகிறதா? அப்படியென்றால் வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுப்பது, போய்விட்டது. இறக்கத்தில், இஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் வேக்குவம் ஆயிலை, வால்வுத் தண்டு நகரும் கைடு வழியாக உறிஞ்சுகிறது. இதைக் கம்ப்ரஷன் டெஸ்ட் காட்டாது.

ஃபீனிக்ஸ், வேறொருவர்: கேம்பெல்ட் மாற்றிய பிறகு நான்கும் 6 பார்.

பெல்ட் பல் தள்ளி மாட்டியிருக்கிறது, வால்வுகள் தப்பான நேரத்தில் திறந்து மூடுகின்றன. குறியைப் பாருங்கள். அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சாட்ஸ்வொர்த்: அண்ணே, ஆயில் ஊற்றினேன். எல்லாம் நீங்கள் சொன்னபடி. மூன்றாவது 11.2 ஆனது. வண்டி எட்டு மாதம் நின்றிருந்தது.

நின்ற வண்டியா! அப்படியானால் ரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால், அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை அந்தச் சிலிண்டரில் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். காலையில் பிளக் மாட்டுவதற்கு முன் கட்டாயம் வெறுமனே சுற்றி எண்ணெயை வெளியேற்றுங்கள். உள்ளே தேங்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் மாற்றுங்கள். 300, 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே கேஜ், அதே முறையில் மூன்றாவதை மறுபடி பார்த்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.