பழைய டிசைன்களை அழிக்கலாமா? வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கிராஃபிக் டிசைனராக எட்டு வருடம் ஓடிவிட்டது. முதலில் ராயப்பேட்டையில் ஒரு டிடிபி சென்டர், இப்போது ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி. வேறு வேலை தேட போர்ட்ஃபோலியோ தயார் செய்யலாம் என்று பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், கும்பாபிஷேக பேனர் என்று கிடக்கிறது. பார்க்கவே கூச்சமாக இருக்கிறது மேடம். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?
வாசகி, பெரம்பூர்

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். போர்ட்ஃபோலியோவில் எதைக் காட்டுவது என்பது வேறு கேள்வி, அதற்கு நல்லதாகப் பத்து வேலை இருந்தால் போதும். இந்தப் பழைய குவியல் நீங்கள் மட்டும் பார்ப்பதற்கு.

கூச்சத்தோடு பார்த்தால் "நல்லா இல்லை" என்பதைத் தாண்டி எதுவும் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதிலும் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் ஒரு தனி வேலையில் இருக்கும் குறைக்கு யார் காரணம் என்று சொல்லவே முடியாது: கடைக்காரர் கடைசி நேரத்தில் இன்னும் நான்கு போட்டோவைச் சேர்க்கச் சொல்லியிருப்பார், அன்று சாயங்காலமே பிரஸ்ஸுக்குப் போக வேண்டியிருந்திருக்கும். அதனால் இருபது முப்பது வேலைகளைச் சின்னதாக பிரிண்ட் எடுத்து, வருட வரிசையில் தரையில் பரப்பி வையுங்கள். ஒன்றில் மட்டும் இருக்கும் தப்பு அந்த வேலையின் நெருக்கடியில் வந்தது, விட்டுவிடலாம். ஜவுளிக்கடையிலும் இருக்கிறது, கோயில் பேனரிலும் இருக்கிறது, போன மாதம் செய்ததிலும் இருக்கிறது என்றால் அது உங்கள் கைப்பழக்கம். தேட வேண்டியது அதைத்தான், அதைக் கண்டுபிடிக்க பழைய வேலையை விட்டால் வேறு வழி கிடையாது.

தமிழில் வேலை செய்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அடோபி மென்பொருள்களில் ஆட்டோ லீடிங், அதாவது தானாக அமையும் வரி இடைவெளி, எழுத்தளவில் 120 சதவீதம், அது ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும். நம் எழுத்தில் கி, கீ என்று மேலே வளைவு போகிறது, மு, பூ என்று கீழே கால் இறங்குகிறது, அதே அளவில் விட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் வளைவும் முட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் நீளம். 'சேல்' என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிவது தமிழில் 'தள்ளுபடி விற்பனை' ஆகிறது. லேஅவுட்டை ஆங்கிலத்துக்கு அளந்து முடித்துவிட்டு, தமிழை அதற்குள் நெருக்கி, எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கியிருந்தால் பரப்பி வைத்த உடனே கண்ணில் படும். எனக்கு இது நிஜமாகவே வருத்தமான விஷயம், தமிழ் எழுத்தை அமுக்கினால் அதன் சுழி எல்லாம் கெட்டுப்போகிறது.

இன்னொன்று, ஸ்க்ரீனை மட்டும் நம்பாதீர்கள். அச்சான பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள். கருநிறப் பின்னணியில் சின்ன வெள்ளை எழுத்து வைத்திருந்தால் ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை இறங்கி அடைத்திருக்கும், அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் நான்கு கலரும் கொஞ்சம் விலகியிருந்தால் ஓரத்தில் சாயம் தெரியும். வெளியில் ஒட்டிய போஸ்டர் ஏதாவது இன்னும் சுவரில் இருந்தால் போய்ப் பாருங்கள். சென்னை வெயிலில் பழைய போஸ்டர் எல்லாம் நீலம் பூத்துப் போவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நான்கில் மஞ்சளும் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பும் பொதுவாக முதலில் வெளுக்கும், சையான் என்ற வெளிர்நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். சிவப்பு என்பதே அந்த முதல் இரண்டும் சேர்ந்ததுதான், ஆக போன் நம்பரைச் சிவப்பில் போட்டிருந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். கல்லூரி முடித்த கையோடு நேராக ஆப் டிசைனுக்குப் போனவர்களுக்கு இதைப் பார்க்கும் வாய்ப்பே அமையாது, டிடிபி சென்டரில் இருந்த உங்களுக்கு அமைந்திருக்கிறது.

ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969-ல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதர், நூறு தடவை. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அவர் கோடு எங்கே தயங்குகிறது, எங்கே பாய்கிறது என்று பிடிபடும். உங்கள் நூறு கல்யாணப் பத்திரிகையையும் அந்த மரியாதையோடு பாருங்கள், கல்யாணப் பத்திரிகை என்பதற்காக அது மட்டமான வேலை ஆகிவிடாது.

கேள்வி: பழைய ஐடியா ஒன்றை, அப்போது கிளையன்ட் வேண்டாம் என்றதை, இப்போது வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டால் அது ஏமாற்று வேலையா?
வாசகர், தாம்பரம்

பதில்: இல்லவே இல்லை. அமெரிக்க டிசைனர் மில்டன் கிளேசர் 1970-களில் நியூயார்க்குக்காகப் போட்ட 'ஐ லவ் நியூயார்க்' என்ற சிவப்பு இதயச் சின்னத்தை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அவரே திரும்ப எடுத்தார். இதயத்தின் ஓரத்தில் ஒரு கருகல், கீழே 'முன்னைவிட அதிகமாக' என்று ஒரு வரி, அவ்வளவுதான் மாற்றம். நிராகரித்த டிசைன்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள், ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கூடவே இரண்டு வரி எழுதி வையுங்கள், காரணம்தான் முதலில் மறந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சம்பளத்துக்கு இருந்தபோது அந்த வேலையின் பகுதியாகச் செய்தது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அதன் முதல் உரிமையாளர் முதலாளிதான். யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள், ஃபைலை எடுக்காதீர்கள். போர்ட்ஃபோலியோவில் காட்டுவதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த ஃபைலைத் திறந்தால் தமிழ் இருக்கும் இடமெல்லாம் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. மீட்க முடியுமா?
வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: பெரும்பாலும் முடியும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழை வைத்திருந்தன, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் இப்படித்தான் தெரியும். அதே ஃபான்ட்டைத் தேடிப் போட்டால் தமிழ் வந்துவிடும், வந்ததும் எழுத்துருமாற்றி வைத்து யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கருக்குப் பதிலாக வந்த அடோபி இன்டிசைனில், பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் கடைசிப் பதிப்பு சிஎஸ்6. டைப் 1 என்ற பழைய வகை ஃபான்ட்டுகளுக்கான ஆதரவையும் அடோபி 2023-ல் நிறுத்திவிட்டது. அதனால் பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்குங்கள், ஃபான்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். கர்வ்ஸ் பண்ணிய, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிய பிரதி மட்டும் வைத்திருந்தால் பின்னால் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, திருத்தக்கூடிய பிரதியும் கூடவே இருக்கட்டும்.