பதில்: லோக்கல் நம்பர் போட்டா மூணு டிஜிட்லயே கட் ஆகுது

அண்ணே, உங்க அரிசி மண்டி ஆபீஸ் போன்ல 24னு ஆரம்பிக்கிற கும்பகோணம் நம்பர் போட்டா மூணாவது டிஜிட்லயே எக்ஸ்டென்ஷன் (ஆபீஸுக்குள்ள பேசுற நம்பர்) இல்லன்னு சொல்லுதுன்னு எழுதியிருந்தீங்க. டயல் பிளான்ல, அதாவது எந்த நம்பரை எங்க அனுப்பணும்னு போன் சிஸ்டத்துல எழுதி வச்சிருக்கிற விதில, 2எக்ஸ்எக்ஸ்னு இருக்கும் (எக்ஸ்னா எந்த டிஜிட்டும் வரலாம்), அதான் 243 வந்ததுமே அனுப்பிடுது. உங்க எக்ஸ்டென்ஷன் 201லேர்ந்து 209 தானே, அதை 20எக்ஸ்னு சுருக்கிட்டு, லோக்கலுக்கு 2க்கு அப்புறம் ஆறு எக்ஸ், வெளியூருக்கு 0க்கு அப்புறம் பத்து எக்ஸ் போடுங்க. தஞ்சாவூர் 04362 கூட ஆறு டிஜிட், திருச்சி 0431 கூட ஏழு, எப்படிப் பாத்தாலும் 11 தான், 2021 ஜனவரிலேர்ந்து லேண்ட்லைன்லேர்ந்து செல்லுக்கும் முன்னாடி 0 போடணும்ல, அதுவும் இதுலயே அடங்கிடும். 108, 112 ரெண்டையும் கட்டாயம் சேர்த்துடுங்க, எங்க உரக்கடைல கணக்குப்பிள்ளைக்கு நெஞ்சுவலி வந்தப்ப 108 போகாம செல்லைத் தேடி ஓடுனோம், அந்த ரெண்டு நிமிஷம் இன்னும் மறக்கல.