கச்சத்தீவு: அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

உவரியிலிருந்து ஒரு தம்பி: கச்சத்தீவை இந்திரா காந்தி தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேசியவர் நீங்கள். இப்போது ஏன் மாற்றிப் பேசுகிறீர்கள் அண்ணாச்சி?

ஆமாம் தம்பி, இருபது வருஷம் அப்படித்தான் பேசினேன். மேடையில் கேட்டதுதான், ஒப்பந்தத்தை ஒருநாளும் படித்ததில்லை. போன கோடையில் இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974, 1976 ஒப்பந்தங்களை அச்செடுத்து அருகருகே வைத்துப் படித்தேன். ராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் இருக்கும் அந்த 285 ஏக்கர் தீவு 1974 ஜூனில் இலங்கைப் பக்கம் போனது உண்மை. ஆனால் அதே தாளில் 5ஆவது பிரிவு, நம் மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 6ஆவது பிரிவு, ஒருவர் கடலில் மற்றவர் படகுகளுக்கு வழக்கமாக இருந்த உரிமை தொடரும் என்கிறது. இலங்கைக் கடலில் இந்தியப் படகு மீன்பிடிக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதியது, 1976 மார்ச் 23 அன்று இரு நாட்டு அதிகாரிகள் மாற்றிக்கொண்ட கடிதம். இத்தனை காலம் நான் கோபப்பட்டது தவறான வருஷத்தின் மேல்.

நாங்குநேரி ஆசிரியை: 1976இல் நமக்கு எதுவும் கிடைக்கவில்லையா சார்?

கிடைத்தது டீச்சர், வாட்ஜ் பேங்க். குமரிமுனைக்குத் தெற்கே மீன் வளம் கொழிக்கும் கடல்திட்டு அது. இலங்கையின் 6 கப்பல்கள் மட்டும், 3 வருஷம் மட்டும், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் போகாமல் பிடிக்கலாம், அப்புறம் கிடையாது. ராமேஸ்வரத்துக்காரர் இழந்தார், தென்கோடிக் கரை பெற்றது. நம் கரைக்கே சொந்தமான இந்தச் சேதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

மேலப்பாளையம் அன்பர்: அப்படியானால் இந்திரா செய்தது சரி என்கிறீர்களா?

இல்லை பாய். அண்டை நாட்டோடு எல்லைத் தகராறு வேண்டாம் என்று அவர் நினைத்தது இப்போது புரிகிறது. செய்த விதத்தை ஏற்க முடியவில்லை. 1974 ஆகஸ்டில் நம் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, டெல்லி கேட்கவில்லை. 1976 ஜனவரி 31இல் மாநில ஆட்சியைக் கலைத்தார்கள். நெருக்கடி நிலை வேறு. மார்ச்சில் அந்தக் கடிதம். எதிர்த்துக் கேட்க இங்கே சட்டமன்றமே இல்லை! அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி: நானே படிக்க எங்கே தொடங்குவது?

வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்திலேயே ஒப்பந்தங்கள் இருக்கின்றன தாயி. கடல் வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொள். முதலில் 1974இன் 5, 6 பிரிவுகள், அடுத்து 1976 கடிதம். எல்லைக்கோட்டின் புள்ளிகளைப் பென்சிலால் நீயே குறித்துப் பார். சந்தேகம் வந்தால் அந்த வரைபடத்தோடு வா, உட்கார்ந்து பார்ப்போம்.