ஆப்பிரிக்க விடுதலையை வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது? டீச்சரிடம் கேளுங்கள்

டீச்சர், ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டே பீரியட்தான் கிடைக்கிறது. ஐம்பது நாடுகளுக்கு மேல் இருக்கின்றன. எப்படி நடத்துவது?

எல்லாவற்றையும் நடத்த வேண்டாம். ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுப்பது 1948 பிப்ரவரி 28, கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனியின் தலைநகர் அக்ரா. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் பர்மா வரை போய்ச் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்குச் சொன்னபடி ஓய்வூதியமும் வேலையும் கிடைக்கவில்லை. கையில் ஆயுதமில்லாமல், ஆளுநரிடம் மனு கொடுக்க நடந்து போனார்கள். வழியில் போலீஸ் சுட்டது. அஜெட்டே, அட்டிப்போ, ஒடார்ட்டே லாம்ப்டி என்ற மூன்று பேர் செத்தார்கள். விலைவாசியால் ஏற்கெனவே கொதித்துப்போய், ஒரு மாதமாக ஐரோப்பியக் கடைகளைப் புறக்கணித்திருந்த ஊர் அது. அன்றே கலவரம் வெடித்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "நீங்கள் ஆளுநராக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பேசி முடித்த பிறகு மீதியைச் சொல்லலாம். 1951 தேர்தலில் விடுதலைப் போராட்டத் தலைவர் குவாமே நிக்ருமா சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். வெளியே வந்து அரசுக்குத் தலைமை ஏற்றார். 1957 மார்ச் 6 அன்று கோல்ட் கோஸ்ட், கானா ஆனது.

"பிரான்ஸ் சுதந்திரம் கொடுத்தது" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். திருத்த வேண்டுமா?

கட்டாயம் திருத்துங்கள். பிரெஞ்சுக் காலனியாக இருந்த கினியாவைச் சொன்னால் உடனே புரியும். 1958 பொதுவாக்கெடுப்பில் பிரான்ஸின் கீழ் இயங்கும் பிரெஞ்சுக் கூட்டமைப்பு வேண்டாம், உடனே விடுதலை வேண்டும் என்று கினியா மக்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள். பிரான்ஸ் உதவியை நிறுத்தியது, அதிகாரிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை பிரான்ஸை எதிர்த்துப் போரே நடந்தது. இதைக் கேட்ட பிள்ளை 'கொடுத்தது' என்று எழுதாது.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கென்யாவின் மாவ் மாவ் போராட்டத்தில் வன்முறை அதிகம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

சொல்லலாம், நிலத்திலிருந்து தொடங்கினால். நல்ல மேட்டு நிலங்கள் வெள்ளையர் கைக்குப் போனதைச் சொல்லாமல் மாவ் மாவைச் சொன்னால் அது வெறும் வெட்டுக்குத்தாகத் தெரியும். போராளிகள் தங்கள் சொந்த இனமான கிகுயு மக்களையே கொன்றதையும் மறைக்காதீர்கள். பிரிட்டிஷ் அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டது. முகாம்களில் சித்திரவதைக்கு ஆளானவர்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2013-இல்தான் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. சித்திரவதையின் விவரமும் படங்களும் அந்த வயதுக்கு வேண்டாம்.

பெண்கள் யாரையாவது சொல்லுங்கள். பாடத்தில் எல்லாமே ஆண் தலைவர்கள்.

விடுதலைக் கட்சிகள் வளர்வதற்கு முன்பே, 1929-இல், நைஜீரியாவின் ஒலோகோவில் நுவான்யெருவா என்ற கைம்பெண் பனை எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். கணக்கெடுக்க வந்தவன், வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு என்று கேட்டான். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சேதி சந்தைக்குச் சந்தை பரவி ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். காலனி அரசு நியமித்த ஊர்த்தலைவர்களின் வீட்டைச் சூழ்ந்து பாடினார்கள், ஆடினார்கள், பதவியை விட்டு இறங்கச் சொன்னார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இதை நாடகமாகப் போடச் சொல்லுங்கள். கணக்கெடுக்க வந்தவனாக ஒரு மாணவன் போதும். மற்ற எல்லோரும் சந்தைப் பெண்கள்.