ஊர்க்கோழியும் நாட்டுக்கோழியும் ஒன்றுதானா?

கேள்வி: மன்னாரில் என் சித்தி வீட்டில் ‘ஊர்க்கோழி’ வளர்க்கிறார்கள். பார்க்க எங்கள் நாட்டுக்கோழி மாதிரியேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா? (வாசகி, மண்டபம்)

பதில்: நீங்கள் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் சரிதான் அம்மா. இலங்கை ஊர்க்கோழிகளைப் பற்றி 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தீவின் 5 பகுதிகளில் எடுத்த கோழிகளும் 8 இலங்கைக் காட்டுக்கோழிகளும் சேர்த்து 140 பறவைகள். தாய்க்கோழி வழியாக இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பரிசோதித்தார்கள். இருந்த வேறுபாட்டில் 92 சதவீதம் ஒவ்வொரு பகுதிக் கோழிகளுக்கு உள்ளேயே இருந்தது. அதாவது பகுதிக்குப் பகுதி வேறுபாடு குறைவு, ஒரே பகுதிக்குள் கோழிக்குக் கோழி வேறுபாடுதான் அதிகம். தீவுக்கே உரிய காட்டுக்கோழியைவிட, வீட்டுக்கோழிகளின் முக்கிய மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிக்கும் நம் சாம்பல் காட்டுக்கோழிக்கும்தான் ஊர்க்கோழி நெருக்கம் என்பதும் தெரிந்தது.

அந்த 92-ஐப் படித்தபோது சிவகங்கைப் பக்கம் என் அம்மா வீட்டு முற்றம் கண்ணுக்குள் வந்தது. இருந்தது ஏழெட்டுக் கோழி. அதில் ஒன்று மொட்டைக்கழுத்து. கழுத்தில் இறகு இல்லாததால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். சித்திரை வெயிலிலும் மற்றவை நிழல் தேடும்போது அது மேய்ந்துகொண்டிருக்கும். இன்னொரு கருங்கால் பெட்டை அடையில் உட்கார்ந்தால் 21 நாளும் அசையாது. ஒரே பஞ்சாரத்துக்குள் இத்தனை குணம்!

கால்நடை மருத்துவராக இருந்தபோது, ஒரு திட்டத்தில் ஒரே பொரிப்பகத்துக் குஞ்சுகளை ஒரு தெரு முழுக்கக் கொடுத்தேன். நாலு வருடம் கழித்துப் போனால் எல்லா வீட்டிலும் ஒரே அச்சு. மொட்டைக்கழுத்து ஒன்றுகூட இல்லை. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

அதனால், உங்களிடம் உள்ள பழைய பெட்டைகளை நல்ல விலை வந்தாலும் விற்றுவிடாதீர்கள். சேவலை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊர்க்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவை தலைமுறை தலைமுறையாக இணைந்தால் பொரிப்புக் குறையும், குஞ்சும் நோஞ்சானாகும். அப்புறம், சித்தி ஆசையாகக் கொடுத்தாலும் முட்டையோ குஞ்சோ கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டாம். நோயும் கூடவே வரும்.

கேள்வி: கால் மஞ்சளாக இருந்தால் பண்ணைக்கோழி கலந்தது என்கிறார்களே? (வாசகர், மானாமதுரை)

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வீட்டுக்கோழிக்கு வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற அதே பறவைதான். தீனியில் இருக்கும் மஞ்சள் நிறமி இந்தக் கோழிகளின் தோலில் சிதையாமல் தங்கிவிடுகிறது. கீரையும் மக்காச்சோளமும் தின்றால் நிறம் இன்னும் ஏறும். பண்ணைக்கோழிக்கும் இதே மஞ்சள் உண்டு. காலை மட்டும் பார்த்து ‘கலப்பு’ என்று கழித்துவிடாதீர்கள்.