செல்லின் ஆயுள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தட்டம்மை ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் மறுபடி வராது என்கிறார்கள். ஆனால் நோயை ஞாபகம் வைத்திருக்கும் நினைவு டி செல்கள் (ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை) சில மாதங்களில் செத்துவிடும் என்று படித்தேன். எது பொய்? எனக்கு ஆன்டிபாடி (கிருமியைத் தடுக்க உடம்பு செய்யும் புரதம்) அளவும் குறைந்திருக்கிறது. எதிர்ப்பு சக்தி கூட என்ன சாப்பிடலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சாப்பாட்டுக் கேள்வியை விட்டுவிடுகிறேன். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள், என்னிடம் அல்ல.

இரண்டுமே பொய்யில்லை. செல் செத்தால் ஞாபகமும் செத்தது என்று நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டீர்கள், அதுதான் தப்பு. ஒரு நினைவு டி செல்லின் ஆயுள் பொதுவாகக் குறைவுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் சில அவசரமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன, போகிறவற்றின் இடத்தை வருகிறவை நிரப்புகின்றன. உங்கள் உடம்பில் இன்று தட்டம்மையை அடையாளம் காணும் டி செல், அநேகமாக அந்தக் காய்ச்சலைப் பார்த்ததே இல்லை. பாட்டன் பார்த்ததைப் பேரன் சொல்கிறான், அவ்வளவுதான். (எலும்பு மஜ்ஜையில் ஆன்டிபாடி சுரந்தபடி உட்கார்ந்திருக்கும் பிளாஸ்மா செல்கள் வேறு ஜாதி, அவற்றில் சில பல பத்தாண்டுகள் தாங்கும்.)

வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை வந்தது, அப்புறம் 65 வருடம் எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் திரும்பி வந்தபோது ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். பீட்டர் பானும் என்ற இளம் டாக்டர் தேடிப் பார்த்தார், சின்ன வயதில் அதைக் கண்ட கிழவர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. டி செல் என்ற பேரே இல்லாத காலம். ஒரு தாளில் ஒரு எண் இறங்கியதற்கே நீங்கள் இப்படிப் பதறுகிறீர்கள்!

உங்கள் கடிதம் வந்தபோது நான் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு வருடம் அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஆனால் கையில் பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு இருந்தது. அந்த ஊசி போட்டவர்களிடம் 50 வருடம் கழித்தும் நினைவு பி செல்கள் (ஆன்டிபாடி சுரக்கும் செல்களாக மாறக்கூடியவை) இருப்பதைக் கண்டிருக்கிறார்கள், அவரிடமும் இருந்திருக்கும். 1980-இல் உலகத்தைவிட்டே ஒழிந்துபோனதாக அறிவித்த நோயை அவர் ரத்தம் மறக்கவில்லை, பெற்ற பிள்ளையை அவர் மறந்துவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஒருநாள் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே “இது என்னங்க?” என்று கேட்டார். சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டார்.